மேசைமேல் ஒரு போர்க்கப்பல் – 9: நான்காவது புகைபோக்கி

சென்ற வாரம் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் மூன்று புகைபோக்கிகளையும் பித்தளைத் தகட்டில் உருட்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தளத்தில் நிறுத்தியதோடு விட்டிருந்தேன். வரைபடத்தின்படி பார்த்தால் வேலை முடிந்தது. டான்சிக் அரசுக் கப்பல் தளத்தில் கட்டி, 1909 ஜூலையில் கடற்படையில் சேர்ந்த எம்டனுக்குப் புகைபோக்கி மூன்றுதான். ஆனால் நான் செய்துகொண்டிருப்பது 1914 அக்டோபர் 28, விடியும் நேரத்தில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டன். அன்றைக்கு அதற்கு நான்கு.

இந்த வாரம்தான் தொடரைக் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு சுருக்கம். கடையில் பெட்டியாக விற்கும் கிட்டை வாங்கி ஒட்டுகிற வேலை இல்லை இது. பலகை, தகடு, பிளாஸ்டிக் ஷீட், கம்பி என்று எல்லாவற்றையும் நாமே வெட்டி, இழைத்து, நூற்றில் ஒரு பங்கு அளவில் கப்பலைக் கட்டுகிறோம். 118.3 மீட்டர் நீளக் கப்பல் என் மேசையில் 118.3 சென்டிமீட்டர். 13.5 மீட்டர் அகலம், 13.5 சென்டிமீட்டர். அதன் 10.5 சென்டிமீட்டர் பீரங்கியின் வாய், ஒரு மில்லிமீட்டர் துளை. மாலுமி ஒருவரை நிறுத்தினால் 17 மில்லிமீட்டர் உயரம்.

எடைக் கணக்கு மட்டும் வேறு. நீளம், அகலம், ஆழம் மூன்றும் நூறு நூறு பங்கு சுருங்குவதால் எடை பத்து லட்சம் பங்கு சுருங்கும். எம்டன் 3,664 டன். என் கப்பலைத் தண்ணீரில் விட்டால் சரியான கோடு வரை அமிழ, அது 3 கிலோ 664 கிராம் இருக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு உறுப்பையும் தராசில் வைத்து நோட்டில் எழுதிய பிறகே ஒட்டுவேன். உயரத்தில் நிற்கும் பொருள் கனத்தால் கப்பல் சாயும். பித்தளைப் புகைபோக்கிகள் ஏற்கெனவே கணக்கைக் கடித்துவிட்டன. நான்காவதுக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு கிராம். அசல் நான்காவதும் அப்படி வெயிட் இல்லாத சாமான்தான். அது கித்தான்.

கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் கிழக்காசியப் படையணியிலிருந்து பிரிந்து, இந்துமாக்கடலுக்குள் தனியாகப் புகுந்த கப்பல் எம்டன். கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். தூரத்தில் கப்பலைப் பார்த்தவன் முதலில் எண்ணுவது புகைபோக்கிகளைத்தான். மூன்று இருந்தால் ஜெர்மன்காரன் என்று சந்தேகம் வந்துவிடும். ஆங்கிலேய குரூசர்கள் பலவற்றில் இரண்டு அல்லது நான்கு. ‘இன்னொன்று வைத்துவிட்டால் நாம் யார்மத்’ என்று யோசனை சொன்னவர் துணைத் தளபதி ஹெல்முத் ஃபான் மூக்கெ. யார்மத், அந்தப் பக்கத்துக் கடலில் உலவிய நான்கு புகைபோக்கி பிரிட்டிஷ் குரூசர்.

முதலில் தளத்தில் விரிக்கும் துணியை எடுத்து உயரே கட்டித் தொங்கவிட்டார்கள். பக்கவாட்டில் பார்த்தால் பிரமாதம். முன்னாலிருந்து பார்த்தால் கப்பலில் ஒரு வேட்டி காய்கிறது! பிறகுதான் மரச்சட்டங்களால் கூடு கட்டி, அதன்மேல் கித்தான் போர்த்தி, உருண்டு திரண்ட புகைபோக்கியாக ஆக்கினார்கள். மூக்கெ 1915-லேயே எழுதி வெளியிட்ட ‘எம்டன்’ புத்தகத்தில் இந்தக் கூத்து இருக்கிறது.

டான்சிக் பொறியாளர் யாரும் வரைந்த உறுப்பு இல்லை இது. நடுக்கடலில், கைக்குக் கிடைத்ததை வைத்து மாலுமிகள் செய்தது. ஒரு வகையில் அவர்களும் நம் கட்சி. கிட் வாங்கவில்லை. என்ன, அளவுதான் ஒன்றுக்கு ஒன்று!

சட்டத்துக்கு நான் துடைப்பத்து ஈர்க்குச்சியை எடுத்தேன். முழுக் குச்சி இந்த அளவுக்குத் தூண் மாதிரி இருக்கும். பிளேடால் நாலாக வகிர்ந்து, உப்புத்தாளில் தேய்த்து, அரை மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். நிஜத்தில் அது ஐந்து சென்டிமீட்டர் சட்டம். மூன்று செப்புக்கம்பி வளையங்களைச் சுற்றி ஒட்டியதும் குருவிக்கூண்டு போல ஒன்று நின்றது.

கித்தான்தான் படுத்தியது. துணி என்றதும் துணியைத் தேடினேன். மல், கைக்குட்டை, பழைய பட்டுப்புடவையின் உள்பக்கம்வரை பார்த்தாயிற்று. எவ்வளவு மெல்லிய துணியானாலும் இழை தெரிகிறது. நூறு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் அது கயிற்றுக் கட்டில். துணியைத் துணியால் செய்ய முடியாது என்பது அன்றைய பாடம். கடைசியில் டிஷ்யூ பேப்பர். இரண்டு அடுக்காக இருப்பதைப் பிரித்து ஒன்றை மட்டும் எடுத்து, மோர் பதத்துக்குக் கரைத்த ஃபெவிகாலில் தோய்த்துக் கூட்டின்மேல் சுற்ற வேண்டும். காயக் காயத் தாள் சுருங்கிச் சட்டங்களுக்கு நடுவே லேசாகக் குழி விழும். காற்றில் அமுங்கிய கித்தான் அப்படியே வந்துவிடும். அவசரப்பட்டு ஹேர் டிரையரைக் காட்டினேன். ‘டப்’ என்று கிழிந்தது. இரண்டாவதை மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டு ராத்திரி முழுக்கக் காயவிட்டேன். எடை 0.6 கிராம்.

இனிதான் உண்மையான சிக்கல். பொய்ப் புகைபோக்கி எவ்வளவு பொய்யாகத் தெரிய வேண்டும்? மற்ற மூன்றைப் போலவே இருந்துவிட்டால், பார்ப்பவருக்கு அது வெறும் நாலு புகைபோக்கிக் கப்பல். அப்பட்டமாகத் துணி என்று தெரிந்தால், பினாங்கில் அதை நம்பியவர்களை நாம் கேலி செய்வதாகிவிடும்.

விடை தூரத்தில் கிடைத்தது. கப்பலைச் சுருக்கினால் பார்க்கும் தூரத்தையும் சுருக்கத்தானே வேண்டும்? 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் சென்னையைச் சுட்டது சுமார் 2,700 மீட்டரிலிருந்து. என் கணக்கில் 27 மீட்டர், தெருமுனை டீக்கடை. பர்மா ஆயில் கம்பெனியின் டாங்குகள் அங்கே எரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் விடியுமுன் துறைமுகத்துக்குள் நுழைந்து, ஜெர்மன் கொடியை ஏற்றி, ரஷ்யக் குரூசர் ஜெம்சுக் மீது டார்பிடோ விட்டது சுமார் 270 மீட்டரில். மேசையிலிருந்து 2.7 மீட்டர், என் அறைக்கதவு. ஆக, கதவருகே நிற்பவர் அரை வெளிச்சத்தில் நாலு என்று எண்ண வேண்டும். மேசைமேல் குனிபவருக்குத் துணி தெரிய வேண்டும். அதற்கேற்ப நான்கிலும் ஒரே சாம்பல் நிறம் அடித்து, வாய்ப்பகுதியில் கரித்தூள் பூசிப் புகையேற்றினேன். விளக்கை மங்கலாக்கிக் கதவருகே போய் நின்று பார்த்தேன். யார்மத்!

ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தார். துறைமுகப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். இந்தத் தொடரில் முன்பே பார்த்திருக்கிறீர்கள். ஒன்றும் சொல்லாமல் அவரைக் கதவருகே நிறுத்தினேன்.

“எத்தனை மேஸ்திரி?”

“நாலு.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. கிட்டே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“இது துணி.”

“கண்டுபிடிச்சிட்டீங்களே.”

“துணின்னு நீங்க காட்டணும்னுதான செஞ்சிருக்கீங்க, தெரியுது. அது சரி சார், இதோட வாயில எப்படிக் கரி ஏறிச்சு?”

“புகைபோக்கின்னா...”

“இதுக்குக் கீழ அடுப்பே இல்லையே சார்!”

பன்னிரண்டு கொதிகலன்களும் எந்தெந்தப் புகைபோக்கிக்குக் கீழே என்று அவருக்கு வரைபடம் காட்டி விளக்கியவன் நான். மூன்றுக்குத்தான் அடியில் நெருப்பு. நான்காவது தளத்தோடு முடிந்துவிடுகிறது. உருவத்தையும் நிறத்தையும் பார்த்த நான் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கோட்டைவிட்டேன். வாழ்நாளெல்லாம் குழாய்க்குள் கைவிட்டவருக்கு அது முதல் பார்வையில் தெரிந்துவிட்டது.

எம்டனுக்கும் இப்படி ஒருவர் வாய்த்தார். நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவின் தந்தி நிலையத்துக்கு முன்னால் எம்டன் வந்து நின்றபோது, அந்த நான்காவது புகைபோக்கி போலி என்று கண்டுகொண்டவர் நிலையத் தலைவர் ஃபாரன்ட். உடனே அபாயச் செய்தி போனது. கேபிள்களை அறுக்கக் கரையேறிய குழுவுக்குத் தலைமை வேறு யாருமில்லை, புகைபோக்கிக்கு யோசனை சொன்ன மூக்கெயேதான். அவர் கரையில் இருக்கும்போதே ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி வந்துவிட்டது. அதன் ஆறு அங்குல பீரங்கிகளுக்கு எம்டனின் பீரங்கிகள் ஈடு கொடுக்கவில்லை. முற்பகலுக்குள் எம்டன் வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏறி நின்றது.

‘சரியான எம்டன்டா அவன்’ என்று இன்றும் ஊரில் சொல்கிறோம். அந்தப் பெயரை வாங்கித் தந்தது பீரங்கியும் பயமும்தான். கித்தானுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

மேஸ்திரி போனபின், காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து நான்காவதன் வாயிலிருந்த கரியைத் துடைத்தேன். ஈரம் பட்டு ஓரத்தில் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. கித்தான்தானே, விழும். அப்படியே விட்டுவிட்டேன்.

(அடுத்த வாரம்: பத்து பீரங்கிகளும் ஒரு தையல் ஊசியும்)