புயல் வருகிறது: பகல் உள்ளபோதே கிளம்புங்கள்!

செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது கடப்பாக்கம். அதன் அருகே, கழிமுகத்தின் ஓரமாக நிற்கிறது ஆலம்பரைக் கோட்டை. இடிந்த சுவர்கள்தான் இப்போது மிச்சம்.

1760-ம் ஆண்டு ஆங்கிலேயர் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தார்கள். பிறகு புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். அவர்களுடைய போர்க் கப்பல்கள் புதுச்சேரிக்கு எதிரே கடலில் நங்கூரம் பாய்ச்சி நின்றன.

1761 ஜனவரி 1-ந் தேதி அந்தக் கப்பல்களைப் புயல் தாக்கியது. சில கப்பல்கள் மூழ்கின. சில கரையில் மோதி உடைந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டார்கள்.

அவர்களிடம் பீரங்கி இருந்தது, வெடிமருந்து இருந்தது. ஆனால் "நாளைக்குப் புயல் வரும்" என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இன்று சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று நாட்களுக்கு முன்பே சொல்கிறார்கள். அதைக் கேட்டு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

மூன்று புயல், மூன்று இரவு

அண்மையில் இந்தக் கரைக்கு வந்த மூன்று புயல்களைப் பாருங்கள்.

2020 நவம்பர் 25-ந் தேதி இரவு: "நிவர்" புயல் புதுச்சேரிக்கு வடக்கே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல்.

2022 டிசம்பர் 9-ந் தேதி இரவு: "மாண்டஸ்" புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது.

2024 நவம்பர் 30-ந் தேதி இரவு: "ஃபெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது.

மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் கிட்டத்தட்ட நடுவில் இருப்பது கடப்பாக்கம். ஆகவே இந்த மூன்றும் அந்த ஊருக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதிதான்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? மூன்றும் கரையைக் கடந்தது இராத்திரியில்!

எல்லாப் புயலும் இரவில்தான் வரும் என்பதல்ல. 2016 டிசம்பர் 12-ந் தேதி "வர்தா" புயல் சென்னையைப் பட்டப்பகலில் புரட்டிப் போட்டது. ஆனால் இரவில் வந்தால் ஆபத்து இரட்டிப்பு. மின்சாரம் இராது. அறுந்து கிடக்கும் கம்பி கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் முழங்காலா, இடுப்பா என்பதும் தெரியாது. குழந்தையையும் கிழவியையும் அழைத்துக்கொண்டு அந்த நேரத்தில் எங்கே போவது?

நாலு படிகள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் சென்னை மண்டல மையம் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. விண்ணிலிருந்து செயற்கைக் கோள் மேகங்களைப் படம் பிடிக்கிறது. சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள ரேடார்கள் கடலின் மேல் வரும் மழை மேகங்களைத் தேடிப் பிடிக்கின்றன. கருவி கட்டிய பலூன்கள் மேலே ஏறி, உயரத்துக் காற்றை அளந்து சொல்கின்றன.

இவற்றை எல்லாம் பார்த்து, நாலு படிகளாக அறிவிப்பு வருகிறது.

முதல் படி, 72 மணி நேரத்துக்கு முன்பு: கடலில் ஒன்று உருவாகிறது, கவனமாக இருங்கள்.

இரண்டாம் படி, 48 மணி நேரத்துக்கு முன்பு: உங்கள் கரைக்கு மோசமான வானிலை வரலாம்.

மூன்றாம் படி, 24 மணி நேரத்துக்கு முன்பு: எந்த இடத்தில், எப்போது கரையைக் கடக்கும்?

நாலாம் படி, 12 மணி நேரத்துக்கு முன்பு: கரையைக் கடந்த பிறகு உள்ளே எந்த ஊர்களுக்கு ஆபத்து?

கூண்டும் நிறமும்

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு நமக்குப் பழக்கமானது. ஒன்றும் இரண்டும் என்றால், தொலைவில் கடலில் கோளாறு. எண் ஏற ஏற அபாயம் நெருங்குகிறது. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். 11 என்றால் எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இப்போது நிறமும் சொல்கிறார்கள். மஞ்சள் என்றால் கவனி. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டலாம் என்றால் சிவப்பு வரும்.

20 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு? ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள தரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 10 லிட்டர் தண்ணீர். 20 சென்டிமீட்டர் என்றால் 200 லிட்டர்! உங்கள் வாசலையும் தெருவையும் ஊரையும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சொன்னது மாறலாமா?

"அன்றைக்கு ஒன்று சொன்னான், இன்றைக்கு ஒன்று சொல்கிறான்" என்று சலித்துக் கொள்கிறவர்கள் உண்டு. ஃபெஞ்சல் சமயத்தில் அப்படித்தான் நடந்தது.

அது புயலாகாமல், ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே 30-ந் தேதி காலையில் கரையைக் கடக்கும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். ஆனால் 29-ந் தேதி பிற்பகலில் அது புயலாக மாறியது. காலையில் வரவேண்டியது மெதுவாக நகர்ந்து இரவில் வந்தது.

"புயல் இல்லையாம்" என்ற முதல் செய்தியை மட்டும் கேட்டு ரேடியோவை மூடியவர் ஏமாந்தார். கடைசிச் செய்திவரை கேட்டவர் பிழைத்துக் கொண்டார்.

கடலில் இருக்கும் புயல் தண்டவாளத்தில் ஓடும் ரயில் அல்ல. வேகமும் மாறும், பாதையும் மாறும். கணிப்பு மாறுகிறது என்றால், அங்கே ஒருவர் கண் விழித்துக் கவனித்துக் கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

வலுவிழந்தாலும் விடாது

கரை ஏறிய ஃபெஞ்சல், மறுநாள் முற்பகல் வரை புதுச்சேரி அருகிலேயே அசையாமல் நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

பிறகு "புயல் வலுவிழந்தது" என்று செய்தி வந்தது. வலுவிழந்தது காற்றுதான், மழை அல்ல. டிசம்பர் 1-ந் தேதி, கடலுக்கு வெகு தொலைவில் உள்ள திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து, 7 பேர் உயிரிழந்தார்கள். அடுத்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை!

நீங்கள் செய்ய வேண்டியது

முதல் அறிவிப்பு வந்தவுடனே: கடலுக்குப் போகாதீர்கள். போனவர்களுக்குச் சொல்லித் திரும்ப அழையுங்கள்.

இரண்டாம் அறிவிப்பில்: படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டுங்கள். என்ஜினையும் வலையையும் பத்திரப்படுத்துங்கள். படகு போனால் பிழைப்பே போயிற்று என்பது உண்மைதான். அதனால்தான் இந்த வேலையைக் கடைசி நேரத்துக்கு வைக்கக் கூடாது. அலை எழும்பிய பிறகு படகைத் தேடிப் போகிறவர், படகோடு தம்மையும் இழக்கிறார்.

மூன்றாம் அறிவிப்பில்: ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், மருந்து, தீப்பெட்டி ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். குடிதண்ணீர் பிடித்து வையுங்கள். கைப்பேசியில் மின்சாரம் ஏற்றுங்கள்.

வீடு குடிசையோ, ஓடு போட்டதோ, தாழ்ந்த இடத்தில் உள்ளதோ என்றால், பொழுது சாயும் முன்பே முகாமுக்குப் போய்விடுங்கள். வாகனம் வேண்டும் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் பேசுங்கள்.

புயலின் நடுவே காற்று சட்டென்று நின்றுவிடலாம். அது புயலின் கண். ஓய்ந்தது என்று வெளியே வராதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும்.

ஆலம்பரைக் கோட்டையின் கனத்த சுவர்களே மண்ணாகிக் கிடக்கின்றன. நம் குடிசை எம்மாத்திரம்? வீட்டை மறுபடி கட்டலாம். வலையை மறுபடி பின்னலாம். உயிரை மறுபடி வாங்க முடியாது.

அடுத்த முறை புயல் செய்தி கேட்டால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். இருட்டுவதற்கு இன்னும் எத்தனை மணி நேரம்? அதற்குள் கிளம்பி விடுங்கள்!