கடலோர வீட்டில் கள்ளிக்கனி

ஒரு செடியை வளர்க்கப் புகுவோர் முதற்கண் அறிய வேண்டியது அதன் பிறந்தகத்தையே ஆகும். பழக்கடைகளில் செந்நிறச் செதில்களோடு காட்சிதரும் டிராகன் பழம், மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றிப் படரும் ஒருவகைக் கள்ளியின் கனியாகும். கள்ளி என்றதும் பாலைநிலத்தை எண்ணுதல் வேண்டா. இது மரநிழலில், இலைமட்கில் வேரோடி வாழ்வது. எனவே இதற்கு நீரும் வேண்டும். வேரடியில் நீர் தேங்கவும் கூடாது. இவ்வுண்மையை மறந்தால் செடி நிலைக்காது.

பிரெஞ்சுக்காரர் இதனை 19ஆம் நூற்றாண்டில் வியத்நாமுக்குக் கொண்டுசென்றனர் என்பர். காரைக்காலும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்ததாகும். வணிகம் கருதியும் அரசுப் பணி கருதியும் இங்கிருந்து சைகோன் சென்ற தமிழர் பலர். அந்நகரில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் உள்ளது. நம் முன்னோர் சென்று வாழ்ந்த நாட்டில் செழித்த கனி, இன்று நம் மொட்டைமாடிக்கு வந்துள்ளது. குஜராத் அரசு 2021இல் இதற்குக் 'கமலம்' என்று பெயரிட்டது.

கலப்பினம்

வெள்ளைச் சதையுடையது ஓர் இனம். செஞ்சதையுடையது மற்றோர் இனம். செஞ்சதை வகைகளுள் பல, தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. இருவகையின் நற்பண்புகளையும் ஒருங்கே பெறவே கலப்பினங்கள் உருவாயின. வியத்நாமின் 'லோங் தின் 1' என்னும் செஞ்சதைக் கலப்பினம், அந்நாட்டு வெள்ளை வகையோடு கொலம்பியச் செஞ்சதை வகையைச் சேர்த்துப் பெறப்பட்டதாகும்.

கலப்பினக் கனியின் விதையை முளைக்கவைத்தால் தாயின் பண்பு மாறும். காய்க்கவும் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே போத்து நடுதலே முறை. நாற்று வாங்குவோர் விற்பவரிடம் இரண்டு வினாக்களைக் கேட்க வேண்டும். தாய்ச்செடி காய்த்ததா? தன் மகரந்தத்தால் தானே காய்க்குமா? விடை கிடைக்காவிடில் பெயரை மட்டும் நம்பி வாங்குதல் நன்றன்று.

தருமபுரத்து நிலமும் மழையும்

தருமபுரம் காவிரிக் கடைமடையின் வண்டல் நிலத்தில் அமைந்த ஊர். நெல்லுக்கு ஏற்ற அம்மண் நீரைப் பிடித்துவைப்பது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கள்ளியின் வேரைக் கொல்வதும் அப்பண்பே. ஆதலின் இங்கு இச்செடிக்கு மாடித்தொட்டி பொருத்தமானது. தரையில் நடுவதாயின் ஓரடிக்குக் குறையாத மேட்டுப்பாத்தி தேவை.

ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளும் தொட்டியின் அடியில் துளைகளிட்டு, செங்கல் சல்லி பரப்புக. மண், மணல், மட்கிய தொழுவுரம் மூன்றையும் சமஅளவில் கலந்து நிரப்புக. நனைந்த தொட்டி 90 கிலோ அளவுக்குக் கனக்கும். எனவே அதைச் சுவர்மேல் அமைந்த பகுதியில் வைத்தல் வேண்டும்.

ஓரடி நீளப் போத்தை நிழலில் ஐந்து முதல் ஏழு நாள் உலர்த்துக. வெட்டுவாய் காய்ந்தபின் அடிப்பக்கம் கீழாக இரண்டு அங்குல ஆழத்தில் நடுக. ஐந்தடித் தூண் நட்டு, உச்சியில் பழைய மிதிவண்டி டயரைப் பொருத்துக. தூணைச் சுவரோடு பிணைத்தல் இன்றியமையாதது. 2018 நவம்பரில் கஜா புயல் கண்ட கடற்கரை இது. தண்டு உச்சியை அடையும்வரை பக்கக் கிளைகளை நீக்குக. உச்சியைக் கடந்ததும் நுனியைக் கிள்ளினால், கிளைத்துத் தொங்கும், அக்கிளைகளே பூக்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தண்டு மஞ்சளாய் வெந்துபோகாமல் நிழல்வலை கட்டுக. மேல்மண் உலர்ந்தபின் நீர் விடுக. மழைக்காலத்தில் நீரை நிறுத்துக. அழுகிய பகுதி தோன்றின் தூய கத்தியால் நலமான தண்டுவரை வெட்டி அகற்றுக.

பூவும் அறுவடையும்

நன்கு வளர்ந்த போத்து ஒன்றரை ஆண்டளவில் பூக்கக்கூடும். பூ இரவில் மலர்ந்து மறுநாட் காலையில் வாடும். தானே காய்க்காத வகையாயின், அவ்விரவிலேயே வேற்று வகைப் பூவின் மகரந்தத்தை மென்தூரிகையால் எடுத்துச் சூல்முடியில் தடவ வேண்டும். அவ்வோர் இரவு தவறினால் அப்பூ பயனற்று உதிரும்.

பூத்த 25 நாளளவில் காய் சிவக்கத் தொடங்கும். அன்றே பறித்தல் பெரும்பிழை. மா, வாழை போன்று இது பறித்தபின் பழுப்பதன்று. செடியில் ஏறாத இனிப்பு கூடையில் ஏறாது. முழுதும் சிவந்து மூன்று நான்கு நாள் கழிந்து, செதில்நுனி வாடத் தொடங்கும்போது, காம்பைக் கத்தரித்து எடுக்க வேண்டும். மிகத் தாமதித்தாலும் மழையில் பழம் வெடிக்கும். பறவைக்கும் எறும்புக்கும் இரையாகும். மெல்லிய துணிப்பை கட்டிக் காக்கலாம். செஞ்சதைப் பழத்தை உண்டபின் சிறுநீர் சிவந்து காணப்படின் அஞ்ச வேண்டா; அது கனியின் நிறமியே.

பெருந்தோட்டமாயின் கல்தூண்களுக்கே முதலில் பெரும்பணம் வேண்டும். கடன்பட்டு நெல்வயலில் தூண் நிறுத்தும் முன், வீட்டில் ஒரு தொட்டிச் செடியை இரண்டு மழைக்காலங்கள் காத்துப் பார்ப்பது அறிவுடைமை. அது பிழைத்துக் காய்க்குமாயின் வெட்டிய கிளைகளே போத்தாகும். அண்டை வீட்டாருக்கும் அவற்றைக் கொடுத்து மகிழலாம்.