சுரங்களைத் திருத்தும் கணிப்பொறி

எழுத்துப் பிழையை அழிக்க ரப்பர் உண்டு. தையலில் பிழை நேர்ந்தால் பிரித்துத் தைக்கலாம். கீபோர்டில் விரல் தவறி ஒலித்துவிட்ட சுரத்தை என்ன செய்வது? அதற்கும் வழி பிறந்திருக்கிறது, தோழியரே! 'மிடி' என்னும் முறையும், அதைக் கையாளும் 'சீக்வென்சர்' என்னும் கணிப்பொறி மென்பொருளுமே அந்த வழி.

1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், அமெரிக்கக் கீபோர்டு ஒன்றையும் ஜப்பானியக் கீபோர்டு ஒன்றையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றை வாசிக்க, மற்றதும் ஒலித்தது! இதற்கு முன்னின்ற டேவ் ஸ்மித், இகுதாரோ காகேஹாஷி இருவருக்கும் 2013-இல் கிராமி தொழில்நுட்ப விருது கிடைத்தது.

அக்கம்பி வழியே சென்றது ஒலி அன்று, செய்தி. எந்தக் கட்டை, எவ்வளவு விசையாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்னும் செய்தி. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். அழுத்திய விசைக்கும் 1 முதல் 127 வரை எண்கள். டேப்பில் பதிந்த பாட்டு வடித்த சோறு என்றால், மிடி சமையல் குறிப்பு. உப்பு கூடினால் குறிப்பிலேயே குறைத்துக் கொள்ளலாம்.

திரையில் சுரங்கள் நீண்ட பட்டைகளாகத் தெரியும். பட்டையை மேலே நகர்த்தினால் சுரம் உயரும், இழுத்தால் நீளும். பாடுவோர்க்குச் சுருதி எட்டவில்லையா? முழுப் பாட்டையும் இரண்டு அரைச்சுரம் இறக்கலாம். ஆனால் தாள வாத்தியத்தை மட்டும் தொடாதிருக்க வேண்டும்! பொது மிடி முறையில் 10-ஆம் சானலில் ஒவ்வோர் எண்ணும் ஒவ்வொரு வாத்தியம். 38 என்பது ஸ்நேர் டிரம். அதை இரண்டு இறக்கினால் 36. பெரிய பாஸ் டிரம் 'டம்' என்று முழங்கும். இதை நினைவில் வைத்து விலக்கித் தரும் மென்பொருளே வாசிப்போர்க்கு வேண்டும்.

நம் இசைக்குரிய கமகத்திற்குச் சுரத்தை வளைக்க வேண்டும். வளைப்பதற்கு 16,384 படிகள் உண்டு. அவற்றைத் திரையில் கோடாக வரையலாம். ஒரு குறை: ஒரு சானலில் ஒலிக்கும் சுரங்கள் எல்லாம் சேர்ந்தே வளையும். ஒவ்வொரு சுரத்தையும் தனியே வளைக்கும் முறை 2018-இல்தான் ஏற்கப்பட்டது.

எல்லாவற்றிலும் அதிகம் பயன்படுவது, தாளத்தை நேராக்கும் 'குவான்டைஸ்' வசதி. நான் வழுக்கி விழுந்ததும் அங்கேதான்.

சென்ற கிறிஸ்மஸ் நிகழ்ச்சியில் பாடற்குழுவுக்குப் பின்னணி இசை அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. முன்னும் பின்னுமாக விழுந்திருந்த என் சுரங்களைக் கண்டு வெட்கி, அனைத்தையும் நூற்றுக்கு நூறு நேராக்கிவிட்டேன். பெருமையாகப் பயிற்சிக்குக் கொண்டு போனேன். மூன்றாம் வரிக்குள் பாட்டு ஒரு பக்கம், இசை ஒரு பக்கம்! ஆறாம் வகுப்புத் தங்கைகள் திணறினார்கள். சிஸ்டர் கோபிக்கவில்லை. "தாளம் சரியாகத்தான் இருக்கிறது, பிள்ளைகள் மூச்சு வாங்க எங்கே இடம் வைத்தாய்?" என்று மட்டும் கேட்டார்கள்.

நல்லவேளையாக, நேராக்கியதை நீக்கி என் பழைய வாசிப்பை மீட்கும் வசதி அந்த மென்பொருளில் இருந்தது. (இது இல்லாத மென்பொருளை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.) இம்முறை பாதியளவே நேராக்கினேன். ஒரு தாள அடி 480 பகுதிகள் என்றால், 40 பகுதி விலகிய சுரம் 20 மட்டுமே நகர்ந்தது. தடுமாற்றம் மறைந்தது, கை வாசித்த உணர்வு நின்றது. பிறகு வேகத்திற்கான கோட்டைத் திறந்து, ஒவ்வொரு வரியின் முடிவிலும் நிமிடத்திற்கு 80 அடி என்பதை 72-ஆகத் தாழ்த்தினேன். மூச்சு வாங்கும் இடத்தில் விசை எண்களையும் குறைத்தேன்.

மறுநாள் பாடினோம். கடைசி வரி மட்டும் ஒத்துவரவில்லை. சிறுமியர் அதை ஒரு முறை நீட்டுவார்கள், மறுமுறை சுருக்குவார்கள். எந்த எண்ணைப் போடுவது? அந்த வரியின் பட்டைகளை அழித்துவிட்டேன். நிகழ்ச்சியன்று அதைச் சிஸ்டரின் கையசைவைப் பார்த்து நானே கீபோர்டில் வாசித்தேன்.