சீதனமாகப் போன பண்டிதர்

துறவறம் ஏற்றபோது இராமானுஜர் எல்லாவற்றையும் விட்டார். ஒருவரை மட்டும் விடவில்லை. அவர் தாசரதி, இராமானுஜரின் சகோதரி மகன். வைணவ உலகுக்கு முதலியாண்டான். மருமகன் நீங்கலாகத்தான் துறந்தேன் என்று ஆசாரியரே சொல்லிக்கொள்ளும் அளவுக்குச் செல்லம்.

அந்தச் செல்லப்பிள்ளைக்கு ஓர் ஆசை. கீதையின் 18ஆம் அத்தியாயத்து 66ஆவது சுலோகத்தின் உட்பொருளைக் கேட்டறிய வேண்டும். சரணாகதியைச் சொல்லும் சரம சுலோகம் அது. அதைப் பெறத் திருவரங்கத்துக்கும் திருக்கோஷ்டியூருக்குமாக 18 முறை நடந்தவர் இராமானுஜர். மருமகன்தானே என்று சலுகை காட்டுவாரா? தனக்கு அதைச் சொன்ன ஆசாரியர் திருக்கோஷ்டியூர் நம்பியிடமே போய்க் கேள் என்று அனுப்பிவிட்டார்.

நம்பி இன்னும் கறார். ஆறு மாதம் காத்திருக்க வைத்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். கல்விச் செருக்கு, செல்வச் செருக்கு, குலச் செருக்கு மூன்றும் தொலைந்தால் உன் ஆசாரியரே சொல்வார் என்று கடைசியில் திருப்பி அனுப்பினார். மூன்றும் தன்னிடம் இருப்பதாக எந்தப் பண்டிதர்தான் நினைப்பார்!

அந்தச் சமயத்தில்தான் இராமானுஜரின் இன்னோர் ஆசாரியரான பெரிய நம்பியின் மகள் அத்துழாய் இராமானுஜரிடம் வந்து நின்றாள். விடியுமுன் நீர்த்துறைக்குப் போகத் துணை கேட்டதற்கு, "உன் பிறந்த வீட்டிலிருந்து சீதன வெள்ளாட்டியைக் கூட்டி வருவதுதானே" என்கிற பாணியில், சீதனமாக வரும் பணிப்பெண்ணைச் சொல்லி மாமியார் இடித்துரைத்திருந்தாள். தகப்பனாரோ, போய் உன் அண்ணன் இராமானுஜரிடம் சொல் என்று கைகாட்டிவிட்டார். இராமானுஜர் சுற்றுமுற்றும் பார்த்தார், முதலியாண்டானைக் கைகாட்டினார். இதோ உன் சீதனம்.

வேதாந்தம் படித்தவர் ஒரு மறுபேச்சில்லாமல் போனார். தண்ணீர் சுமந்தார், சமைத்தார், ஏவிய வேலையெல்லாம் செய்தார். ஒருநாள் அந்த வீட்டில் ஒருவர் சாஸ்திரத்துக்குத் தவறாகப் பொருள் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த முதலியாண்டானால் பொறுக்க முடியவில்லை. சரியான பொருளை எடுத்துச் சொன்னார். சமையற்காரனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று விசாரித்தபோது குட்டு வெளிப்பட்டது. வீட்டார் பதறிப்போய், இனி வேலை செய்ய வேண்டாம் என்று கெஞ்சினார்கள்.

கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. யாரென்று தெரிந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. அனுப்பியவர் அழைத்தால்தான் போவேன் என்றார். வேஷத்தில் இருக்கும்வரை பணிவு எளிது; அடையாளம் தெரிந்து நாலு பேர் கும்பிடும்போதும் கரண்டியைக் கீழே வைக்காமல் இருப்பதுதான் பெரிய காரியம். கல்வி அவரிடமே இருந்தது, செருக்குதான் போயிருந்தது. இராமானுஜர் திரும்ப அழைத்துச் சரம சுலோகத்தின் பொருளைச் சொன்னார்.

இடையே ஒன்று. முதலியாண்டான் செய்த அதே வேலையை அத்துழாயும் அன்றாடம் செய்துவந்தாள். அதை யாரும் தவம் என்று எழுதி வைக்கவில்லை.

மற்றச் சீடர்களின் குலச் செருக்கையும் இராமானுஜர் சும்மா விடவில்லை. காவிரிக்கு நீராடப் போகும்போது முதலியாண்டான் கையைப் பிடித்துச் செல்வார். நீராடித் திரும்பும்போது வேறு குலத்தவரான உறையூர் மல்லர் பிள்ளை உறங்காவில்லிதாசர் தோளில் கை போட்டு வருவார். சீடர் சிலர் முணுமுணுத்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

பிற்காலத்தில் திருவரங்கம் கோயில் நிர்வாகத்தையே முதலியாண்டான் கவனித்தார். பெருமாள் கோயிலில் நம் தலையில் வைக்கும் சடாரிக்குச் சடகோபம் என்று பெயர். இராமானுஜர் சந்நிதியில் மட்டும் அந்தத் திருவடி நிலைக்குப் பெயர் முதலியாண்டான்.