காட்டில் நேராக நடக்க முடியுமா?

குற்றாலப் பேரருவியில் நீங்கள் குளித்திருக்கலாம். அங்கே விழுவது சிற்றாற்றின் நீர். அதே ஆறு, பேரருவிக்கு வந்து சேருமுன் மலைக்காட்டுக்குள் வேறு அருவிகளாகவும் விழுகிறது. மேலே இருப்பது தேனருவி. அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி. பாறைகளில் தேன்கூடுகள் தொங்குவதால் தேனருவி என்று பெயர்.

வழிகாட்டிப் பலகையோ ஒற்றையடிப் பாதையோ இல்லாத காட்டில், இப்படி ஒளிந்திருக்கும் அருவி ஒன்றைத் தேடிப் போவதாக வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? "திசை தெரிந்தால் போதும், நேராக நடந்துவிடுவேன்" என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்!

யான் சூமன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்து, 2009ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். ஜெர்மனியின் பீன்வால்ட் காட்டில் ஆறு பேரைச் சில மணி நேரம் நேராக நடக்கச் சொன்னார்கள். அவர்கள் சென்ற தடத்தைச் செயற்கைக்கோள் கருவி பதிவு செய்தது. சூரியன் தெரிந்த நாளில் நடந்த இருவரும் ஏறத்தாழ நேராகவே சென்றனர். மேகமூட்டத்தில் நடந்த நால்வரும் வட்டமடித்தனர்! அவர்களில் மூவர் தாம் நடந்த தடத்தையே மறுபடி கடந்தும் அதை உணரவில்லை.

ஏன் இப்படி? ஒரு கால் நீளமாகவோ வலுவாகவோ இருப்பதாலா? இல்லை. அப்படியானால் ஒருவர் எப்போதும் ஒரே பக்கம்தான் திரும்பவேண்டும். கண்ணைக் கட்டி நடந்தவர்களில் பெரும்பாலோர் சில நேரம் இடப்புறமும், சில நேரம் வலப்புறமும் திரும்பினர். 'நேர்' என்று நம் மூளை கணிப்பதில் அடிக்கு அடி சிறு பிழை சேர்கிறது. சூரியனோ தொலைவில் ஒரு மலைமுகடோ தெரிந்தால்தான் அந்தப் பிழை திருத்தப்படும்.

வெயில் படும் திறந்தவெளியில் ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். கால் மணி நேரம் கழித்து, நகர்ந்த நுனியில் இன்னொரு கல் வையுங்கள். முதல் கல் இருப்பது ஏறத்தாழ மேற்கு. இரண்டாவது கல் கிழக்கு.

"ஆற்றைப் பிடித்துக்கொண்டே ஏறினால் அருவி வந்துவிடுமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான், ஆறு வழி தவறாது. ஆனால் பாசி படிந்த பாறை வழுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து வெள்ளம். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே மலையுச்சியில் மழை கொட்டலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம், 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைப் பறித்தது. தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள்.

ஆகவே, வனத்துறையின் அனுமதியும், காட்டை அறிந்த பெரியவர் துணையும் இன்றிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

ஆனால் சோதனையை உங்கள் பள்ளித் திடலிலேயே செய்யலாம். கண்ணைக் கட்டிக்கொண்டு 50 மீட்டர் நேராக நடங்கள். ஒரு நண்பர் அருகிலேயே வரட்டும். வழி சொல்லக் கூடாது. மற்றொருவர் பத்துத் தப்படிக்கு ஒரு கல் வைத்துக்கொண்டே பின்தொடரட்டும். கட்டை அவிழ்த்துவிட்டுக் கல் வரிசையைத் திரும்பிப் பாருங்கள். அது எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது?