மார்க் வருமா என்று மட்டும் கேட்காதீர்கள்!

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று லட்டு வாங்கிக் கொடுத்து சந்தோஷப்படுகிறோம். மறுநாளே "பிளஸ் ஒன்னில் என்ன குரூப்?" என்ற பேச்சு ஆரம்பமாகி விடுகிறது. கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. காமர்ஸ் என்று சொல்லிவிட்டால் போதும், "காமர்ஸ்தானே, எதையாவது எடுத்துக்கோ" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் தோழிகளே, காமர்ஸ் குரூப்பிலும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் அதற்காக ஒரு மாதம் மண்டையை உடைத்துக் கொண்டோம். உங்களில் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

காமர்ஸ் குரூப்பில் தமிழ், ஆங்கிலம் போக நான்கு பாடங்கள். வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல் மூன்றும் பெரும்பாலும் எல்லோருக்கும் உண்டு. நான்காவது பாடத்தில்தான் வித்தியாசம். சில பள்ளிகளில் கணினிப் பயன்பாடு, சில பள்ளிகளில் வணிகக் கணிதமும் புள்ளியியலும். பிள்ளைகள் பாஷையில் சொன்னால் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், பிசினஸ் மேத்ஸ். இரண்டில் பிசினஸ் மேத்ஸ்தான் கஷ்டம் என்று பேர்.

என் மூத்த மகள் பத்தாவதில் கணக்கில் 78 வாங்கினாள். அவளுக்கு ஆடிட்டராக வேண்டும் என்று ஆசை. என் கணவர் பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறார். ஜி.எஸ்.டி. வேலையாக ஆடிட்டர் ஆபீசுக்குப் போகும்போது லீவு நாட்களில் இவளும் ஃபைலைத் தூக்கிக் கொண்டு கூடவே போவாள். அங்கே ஒரு பெண் ஆடிட்டரைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை.

"78 வாங்கின பிள்ளைக்கு பிசினஸ் மேத்ஸில் 70 வர்றதே கஷ்டம். கம்ப்யூட்டர் எடுத்தா கண்ணை மூடிக்கிட்டு 95 வரும்" என்றார் கணவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் பாடத்தில் 100-க்கு 70 மார்க்தான் எழுத்துத் தேர்வு; செய்முறைக்கு 20, அக மதிப்பீட்டுக்கு 10. பிசினஸ் மேத்ஸில் செய்முறையே கிடையாது. 90 மார்க்குக்கு எழுதியாக வேண்டும். அரசு கலைக் கல்லூரியில் பி.காம். சேர இந்த நான்கு பாடங்களின் 400 மார்க்கை வைத்துத்தான் வரிசைப்படுத்துகிறார்கள். அதில் 20, 25 மார்க் போய்விட்டால் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. இதற்கு நடுவில் என் நாத்தனார், "கட்டிக் குடுக்கப் போற பொண்ணுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?" என்று ஒரு போடு போட்டார்.

நான் பத்தாவதோடு நின்றவள். பிளஸ் ஒன் பாடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடைக்குப் போனால் சேலையை விரித்துப் பார்க்காமல் வாங்குகிறோமா? அதனால் பக்கத்துத் தெருப் பெண்ணிடம் பிளஸ் ஒன் பிசினஸ் மேத்ஸ் புத்தகத்தைக் கடன் வாங்கி வந்தேன். "பதினைந்து நாள் போட்டுப் பார். அப்புறம் பேசிக்கலாம்" என்று மகளிடம் கொடுத்தேன்.

அணிகள், முக்கோணவியல், வகை நுண்கணிதம், நிதிக் கணிதம், புள்ளியியல், நிகழ்தகவு என்று பத்து அத்தியாயங்கள். நிதிக் கணிதத்தைப் பார்த்ததும், "அம்மா, இது நம்ம ஆர்.டி. கணக்கு மாதிரி இருக்கு" என்று உற்சாகமானாள். வகை நுண்கணிதத்தில் அப்படியே நின்று விட்டாள். ஒரே பயிற்சியோடு நான்கு நாள் மல்லுக்கட்டினாள். ஆனால் புத்தகத்தை மூடி வைக்கவில்லை. நான் கவனித்தது அதைத்தான்.

அடுத்து, ஆடிட்டர் ஆபீசிலேயே கணவரை விசாரிக்கச் சொன்னேன். சி.ஏ.வுக்கு முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வை பிளஸ் டூ முடித்தவர்கள் எந்த குரூப்பாக இருந்தாலும் எழுதலாம். மொத்தம் நான்கு தாள், ஒவ்வொன்றும் 100 மார்க். அதில் ஒரு தாள் முழுக்க வணிகக் கணிதம், தர்க்கத் திறன், புள்ளியியல். தப்பான விடைக்கு கால் மார்க் கழிப்பார்கள். ஒவ்வொரு தாளிலும் 40-ம், மொத்தத்தில் பாதியும் வாங்கினால்தான் பாஸ். பி.காம். முடித்து 55 சதவீதம் இருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே அடுத்த படியான இன்டர்மீடியட்டுக்குப் போகலாம்.

ஆக, பிசினஸ் மேத்ஸ் எடுக்காவிட்டால் கதவு அடைத்துவிடும் என்பதெல்லாம் இல்லை. ஆனால் ஃபவுண்டேஷனில் இந்தக் கணக்கு வரும். பி.காமிலும் பல கல்லூரிகளில் புள்ளியியலோ வணிகக் கணிதமோ வருகிறது. என்றைக்கோ ஒருநாள் எதிரே வந்து நிற்கப் போகிற பாடத்தை இப்போதே பள்ளியில் ஆசிரியர் வைத்துக் கற்றுக் கொள்வதா, பிறகு கோச்சிங்குக்குப் பணம் கட்டிக் கற்றுக் கொள்வதா? கேள்வியை இப்படி மாற்றிப் போட்டதும் கணவரும் யோசிக்க ஆரம்பித்தார்.

மகள் படித்த பள்ளியில் பிசினஸ் மேத்ஸ் கிடையாது. பஸ்ஸில் அரை மணி நேரம் போகிற வேறு பள்ளியில் இருந்தது. அங்கே அந்தப் பாடத்துக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்து கொண்டோம். கடைசியில் அவளையே கேட்டோம். "மார்க் குறைஞ்சாலும் பரவாயில்லைம்மா. பின்னாடி பயந்துக்கிட்டே இருக்கிறதுக்கு இப்பவே படிச்சிடறேன்" என்றாள். சேர்த்துவிட்டோம்.

முதல் மாதத் தேர்வில் 41! அன்றைக்கு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் குரூப்பை மாற்றிவிடலாம் என்றார். விடைத்தாளோடு போய் ஆசிரியரைப் பார்த்தோம். "புதுப் பாடம் புரிகிறது. ஒன்பதாவதில் படித்த காரணிப்படுத்துவதில்தான் தப்பு விடுகிறாள்" என்றார். பழைய புத்தகத்தை எடுத்து ஒரு மாதம் தினம் அரை மணி நேரம் போட்டாள். காலாண்டில் 58, அரையாண்டில் 69, முழு ஆண்டில் 74. இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். கம்ப்யூட்டர் எடுத்த அவளுடைய தோழி வாங்கியது 93. அந்த 19 மார்க் வித்தியாசம் என் மனதில் உறுத்தவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். சமீபத்தில் ஃபிரிட்ஜ் தவணையில் வாங்கப் போனோம். கடன் 24,000 ரூபாய், 10 சதவீத வட்டி, மாதம் 2,200 வீதம் 12 மாதம் என்றார்கள். 10 வட்டிதானே என்று நான் தலையாட்டினேன். மகள் பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். "மாசா மாசம் அசல் குறைஞ்சுக்கிட்டே வருதும்மா. ஆனா வட்டியை முழு 24,000-க்கும் கடைசி வரைக்கும் போடறாங்க. சராசரியா நம்ம கையில இருக்கிற கடன் 13,000தான். அதுக்கு 2,400 வட்டின்னா, உண்மையில கிட்டத்தட்ட 18 சதவீதம்" என்றாள். தினம் கணக்கு எழுதுகிற அவள் அப்பாவே வாயடைத்துப் போனார். ஃபிரிட்ஜை ஆறு மாதம் தள்ளிப் போட்டு, பணம் சேர்த்து வாங்கினோம்.

அதற்காக எல்லோரும் கஷ்டமான பாடத்தைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். எதிர்வீட்டு அக்கா மகன் கம்ப்யூட்டர்தான் எடுத்தான். அரசுக் கல்லூரியில் சீட் கிடைத்து, சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய குடும்பம். கணக்கென்றால் அவனுக்குக் காய்ச்சலே வந்துவிடும். அவனுக்கு அதுதான் சரி. எந்த குரூப்பாக இருந்தாலும் சேர்ப்பதற்கு முன்னால் புத்தகத்தைக் கடன் வாங்கிப் பிள்ளையைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்கொண்டு படிக்க நினைக்கும் படிப்பில் அந்தப் பாடம் வருகிறதா என்று விசாரியுங்கள். பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெண் பிள்ளை என்பதற்காக மட்டும் சுலபமானதைத் தலையில் கட்டாதீர்கள். மார்க் வருமா என்று கேட்பது தப்பில்லை. அதை முதல் கேள்வியாகக் கேட்காமல் கடைசிக் கேள்வியாகக் கேளுங்கள். என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஓர் இல்லத்தரசி, விருதுநகர்