கோவிலுக்குப் போகும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவில் மணி ஒலிக்கிறது. பங்கிலுள்ள கத்தோலிக்கர் அனைவருக்கும் அது அழைப்பு. ஆயினும் நடக்க இயலாதோரும் கண்பார்வை இழந்தோரும் பலர் அம்மணியோசையைக் கேட்டவாறே வீட்டில் தங்கிவிடுகின்றனர். பக்திக் குறைவினால் அன்று. கோவில் வாசலிற் கொண்டு சேர்க்கும் வண்டி இல்லாமையினால்.

ஞாயிறு பூசை காண்பது கத்தோலிக்கருக்குக் கடமையாகும். 1983ஆம் வருஷத்துத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1247ஆவது விதியில் இதனை வற்புறுத்துகிறது. தக்க காரணத்தால் பூசைக்கு வரக்கூடாதவர்கள் தனியாகவோ குடும்பத்தாருடனோ ஜெபத்தில் ஈடுபடலாமென்று அடுத்த விதி கூறுகிறது. இரக்கமுள்ள ஏற்பாடுதான். வீடு தேடி வரும் நற்கருணையும் பேராறுதலே. ஆனால் கடமையிலிருந்து விலக்குப் பெற்றவர் சபை நடுவே இடம் பெற்றவராகிவிட மாட்டார். "அவருக்குத்தான் விலக்கு இருக்கிறதே" என்று மற்றவர்கள் கவலையற்றிருப்பதற்கு அவ்விலக்கு ஒரு சாக்காகிவிடலாகாது.

சர்க்காரும் ஒரு சலுகை தந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் 2021ஆம் வருஷம் முதல் மாற்றுத்திறனாளிகள் கட்டணமின்றிச் செல்லலாம். டிக்கெட்டைத் தள்ளுபடி செய்தார்கள். படியைத் தள்ளுபடி செய்தார்களா? சக்கர நாற்காலியில் இருப்பவர் ஏற முடியாத வண்டியில் இலவசப் பிரயாணம் கொடுத்து என்ன பயன்? 2024இல் சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் புதிய தாழ்தளப் பேருந்துகளை ஓட்டத் தொடங்கியதை நாம் வரவேற்கிறோம். அந்நன்மை கிராமச் சாலைகளையும் எட்ட வேண்டும். அதுவரை வாராவாரம் ஆட்டோ அமர்த்திப் போய் வர ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுமா?

1950இல் அமலுக்கு வந்த நமது அரசியல் சாசனம், தன் மதத்தை அநுஷ்டிக்கும் சுதந்திரத்தை 25ஆவது ஷரத்தில் அளித்திருக்கிறது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் போக்குவரத்து வசதியை அவர்களுடைய உரிமைகளுள் சேர்த்தது. பொதுக் கட்டிடங்களின் வரிசையில் மதக் காரியங்களுக்குரிய கட்டிடங்களையும் வைத்தது. ஏட்டிலுள்ள சுதந்திரம் பேருந்தின் முதற்படியில் நின்றுவிடுமானால் அது அரைச் சுதந்திரமே.

சர்க்காரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைக் கத்தோலிக்க சகோதரர்கள் நன்கறிவார்கள். கப்பர்நாகும் ஊரில் திமிர்வாதக்காரன் தானாக வரவில்லை. நால்வர் அவனைச் சுமந்து வந்தனர். வாசலில் கூட்டம் வழிமறித்தபோது கூரையைப் பிரித்துக் கட்டிலை இறக்கினர். சுமந்து வந்தோரின் விசுவாசமும் அங்கே மதிக்கப்பட்டது.

இன்று கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. வர விரும்பியும் வர இயலாதோர் யார் யாரென்று ஒவ்வொரு பங்கிலும் கணக்கெடுக்கட்டும். காலி இடத்தோடு கோவிலுக்கு வரும் மோட்டார் வண்டிகள் முறைவைத்து அவர்களை அழைத்து வரட்டும். பூசை நேரத்தைப் பேருந்து நேரத்துக்கு இசைய வைக்கட்டும். வாசற்படியருகே, ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாகச் சாய்தளம் அமைக்கட்டும். இவற்றுள் எதற்கும் சட்டசபையின் உத்தரவு வேண்டியதில்லை. பங்குச் சுவாமியாரும் பங்கு மக்களும் மனம் வைத்தால் போதும்.

விலக்குக் கொடுப்பது எளிது. வழி கொடுப்பதே தருமம். அன்று ஒரு கட்டிலுக்கு நால்வர் கிடைத்தனர். நம் பங்குகளில் அந்த நால்வர் இல்லையென்று நாம் நம்பவில்லை.